புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கணினி பட்டென்று அணைகிறது

வணக்கம். போன சனிக்கிழமை மகனும் நானுமாக எங்கள் பழைய கணினியில் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டைப் பொருத்தினோம். அன்றிலிருந்து தலைவலி. யூடியூப் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. விளையாட்டைத் திறந்தால் பத்து நிமிடத்தில் மின்சாரம் போனதுபோல் அணைந்துவிடுகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரைகூட வருவதில்லை. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பிழைக்குறிப்பு மட்டும்தான். முறையாக அணையவில்லை என்று அது சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை.

முதலில் நம்ம சிங்கப்பூர் வெக்கைதான் என்று நினைத்து, பக்கத்து மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். (விசிறி பறிபோன கோபம் மனைவிக்கு இன்னும் தீரவில்லை.) கார்டின் சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனாலும் அணைந்தது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் நீக்கி மறுபடி போட்டாயிற்று.

இப்போது சந்தேகம் கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை மேல். ஏழு வருடப் பழசு, 500 வாட். கார்டு மட்டுமே 220 வாட் இழுக்கும். 650 வாட் போடச் சொல்கிறார்கள். அப்புறம், கார்டின் இரண்டு 8 பின் இணைப்புக்கும் ஒரே கேபிளின் இரண்டு முனைகளைத்தான் செருகியிருக்கிறேன். தனித்தனி கேபிள் போட்டால் தீருமா, இல்லை சிம் லிம் ஸ்கொயருக்குப் போய்ப் புதிதாகவே வாங்கிவிடவா? பிராசஸர் ரைசன் 5 3600.

சும்மா கிடக்கும் பவர் சப்ளையை ஒரு நாள் இரவல் தர முடிந்தவர்கள் சொல்லுங்கள், உட்லண்ட்ஸ் எம்ஆர்டியில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.