கல் விழுங்கும் லேப்ரடார்: வாய்க்கூடு உதவுமா?

எங்கள் நாய் முத்து ஜல்லிக் கல்லை விழுங்குகிறான். லேப்ரடார், வயது 14 மாதம், எடை 27 கிலோ, ஊர் திண்டுக்கல். பக்கத்து மனையில் வீடு கட்ட ஜல்லி கொட்டியதிலிருந்து, இரண்டு மாதமாக இதே கதைதான். கடித்துத் துப்பினால்கூடப் பரவாயில்லை. புளியங்கொட்டை மாதிரி கடவாயில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, என் செருப்புச் சத்தம் கேட்டதும் விழுங்கிவிடுகிறான்.

மூன்று வாரத்துக்கு முன் சாப்பிடாமல் இரண்டு நாள் வாந்தி எடுத்தான். எக்ஸ்ரேயில் ஐந்து சிறு கற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஐந்தும் மலத்தோடு வந்துவிட்டன. குச்சியால் கிளறி எண்ணியவன் நான்தான். அடுத்த முறை குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான் என்கிறார் மருத்துவர்.

குடற்புழு மருந்து கொடுத்தாகிவிட்டது. இரத்தப் பரிசோதனையில் இரத்தசோகை இல்லை. கால்சியம் டானிக்கும் ஒரு மாதம் ஊற்றினோம் (சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை). பலனில்லை. மிளகாய்த்தூள் கரைத்துத் தெளித்தோம். தும்மிவிட்டு வேறு கல்லை எடுத்தான். வாயைப் பிளந்து பிடுங்கப் போனால் இன்னும் வேகமாக விழுங்குகிறான் என்பதால் அதை நிறுத்திவிட்டோம். வேகவைத்த ஈரல் துண்டைக் காட்டி ‘விடு’ என்று பழக்குகிறோம். வீட்டுக்குள் கேட்கிறான், வாசலைத் தாண்டினால் மறந்துவிடுகிறான். நடை தினமும் இருவேளை, முக்கால் மணி நேரம்.

மிச்சமிருப்பது கூடை வடிவ வாய்க்கூடு மட்டும். கல் விழுங்கும் நாய்க்கு அதைப் போட்டுப் பழக்கியவர்கள் சொல்லுங்கள்: கழற்றிய பிறகும் அந்தப் பழக்கம் நின்றதா?