பாரிஸில் பழைய பாணி பிஸ்ட்ரோ: போய்ச் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

பாரிஸில் காதலர்களுக்கான உணவகம் என்றதும் மூலையில் தனி மேசை, மங்கிய விளக்கு, மெல்லிய இசை என்று கற்பனை செய்துகொண்டு போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய பாணி பிஸ்ட்ரோவில், அதாவது வீட்டுச் சமையல் போல எளிய சாப்பாடு போடும் சின்ன உணவகத்தில், தனிமை என்ற ஒன்றே கிடையாது. கல்யாண நாளுக்காக நானும் என் கணவரும் 11ஆம் வட்டாரத்தில் ஒரு சின்ன பிஸ்ட்ரோவுக்குப் போனோம். இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் அளவுதான் இடைவெளி. பரிமாறுபவர் மேசையையே வெளியே இழுத்து, சுவரோரமாக ஓடும் நீளமான தோல் இருக்கையில் என்னை உட்காரவைத்து, மேசையை மறுபடி உள்ளே தள்ளிவிட்டார். இனி அவராக வந்து இழுத்தால்தான் நான் எழுந்திருக்க முடியும்! பெண்களுக்குச் சுவரோர இருக்கையைக் கொடுப்பது அங்கே பழைய மரியாதை. எதிர் நாற்காலியில் கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த என் கணவருக்கு, நானும் என் தலைக்கு மேலே இருந்த பெரிய கண்ணாடியும்தான் காட்சி. "எல்லாரையும் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகச் சாப்பிடு" என்றார்.

அச்சடித்த மெனு இல்லை. கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் சாய்த்துவைத்தார்கள். சுண்ணக்கட்டியால் எழுதிய சுழிசுழியான பிரெஞ்சுக் கையெழுத்து. எனக்கு அதில் எண்கள் மட்டுமே புரிந்தன. பரிமாறுபவர் குனிந்து ஒவ்வொன்றாக விளக்கினார். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. வெங்காய சூப்பைக் கேட்டபோது, அதன் சாறு மாட்டெலும்பில் காய்ச்சியது என்று அவரே தடுத்துவிட்டு, வேகவைத்த லீக்ஸ் தண்டில் கடுகு வினிகர் ஊற்றியதைக் கொண்டுவந்தார். ஆறிப்போன வெங்காயத்தாள் கறியை எதற்கு இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று முதல் வாயில் தோன்றியது. மூன்றாவது வாயில் தட்டைப் பங்குபோட மனம் வரவில்லை.

பிறகு வாத்துக்கால் வந்தது. தோல் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, உள்ளே சதை கத்தி படும் முன்பே எலும்பை விட்டு நழுவுகிறது. அடியில் அதே வாத்துக் கொழுப்பில் பூண்டோடு வறுத்த உருளைக்கிழங்கு. எலும்பைக் கையில் எடுக்கலாமா கூடாதா என்று என் கணவர் தயங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு முதிய தம்பதி. அதுவரை எங்கள் பக்கம் திரும்பியே பார்க்காத அந்தப் பாட்டி, தன் விரல்களை வாயருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் தன் தட்டுக்குத் திரும்பிவிட்டார். முழங்கை இடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டே இத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கிறார்களே, அங்கே காதலுக்கு இடம் கொடுப்பது அதுதான் என்று எனக்குப் பட்டது. என் கணவர் மேசைக்கு மேலே என் கையைப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் செய்ததே இல்லை.

பில் தானாக வராது. நாம் கேட்கும் முன்பே கொண்டுவருவது அங்கே அநாகரிகம். நாம் எழுவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றுவிடும் மெஸ்களில் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு இது பழக சற்று நேரம் பிடித்தது. குடுவையில் தரும் தண்ணீரும் ரொட்டியும் இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் டிப்ஸ் கட்டாயம் இல்லை. இருவருக்கும் சேர்த்து 80 யூரோவுக்குச் சற்றுக் கூட ஆனது. ஆறரை மணிக்கே பசிக்கிறது என்று போய் நிற்காதீர்கள், ஏழு ஏழரைக்கு முன் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள்.

*

அக்கா, வாத்து சாப்பிடுகிறவர்களுக்கு எல்லாம் இனிக்கும். நான் சுத்த சைவம். என் அனுபவம் வேறு. ஓர் இடத்தில் பருப்பு சாலட் என்று நம்பி வாங்கினேன், கிண்டினால் பன்றி இறைச்சித் துண்டுகள். சைவம் என்று விளக்கிச் சொன்னதும், "அப்படியானால் மீன் தரட்டுமா?" என்று கனிவோடு கேட்டார்கள். கோபப்படவும் முடியவில்லை. சைவக்காரர்கள் சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட், உருளைக்கிழங்கைப் பாலாடையில் வேகவைக்கும் கிராத்தேன் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சேர்ப்பவர்களுக்கு மயோனெய்ஸ் போட்ட அவித்த முட்டை எங்கும் கிடைக்கும்.

1896இல் திறந்த பூய்யோன் ஷார்த்தியேவுக்கும் போனேன். தொழிலாளிகளுக்கு மலிவாகச் சூடான சாப்பாடு போடத் தொடங்கிய இடம். வாடிக்கையாளர்கள் தங்கள் துணி நாப்கினை வைத்துவிட்டுப் போன சின்னச் சின்ன மர இழுப்பறைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. பில்லை மேசையில் விரித்த காகிதத்திலேயே பேனாவால் எழுதிக் கூட்டுகிறார்கள். கூட்டம் இருந்தால் முன்பின் தெரியாதவரோடு சேர்த்து உட்காரவைப்பார்கள். புதுமணத் தம்பதிகள் யோசித்துப் போகவும்.

*

முதலில் எழுதிய அக்காவுக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தான், பரிஸில் பிஸ்ட்ரோக் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அடுப்படியில் நிற்கிறேன். நீங்கள் சாப்பிட்ட வாத்துக்காலை அன்றிரவு தட்டில் வைத்தவர் எங்கள் ஆளாகவே இருந்திருக்கலாம். இந்த நகரத்துக் குசினிகளில் ஈழத்தமிழர் அவ்வளவு பேர் நிற்கிறோம்.

அந்த வாத்து உடனே சமைப்பதல்ல. முதல் நாள் உப்பில் ஊறவைத்து, மறுநாள் அதன் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைத்து, அந்தக் கொழுப்புக்குள்ளேயே மூடி வைத்துவிடுவோம். நீங்கள் கேட்ட பிறகு செய்வது தோலை முறுகவைப்பது மட்டும். தென்மேற்குப் பிரான்சில் குளிர்காலத்துக்கு இறைச்சியைச் சேமிக்கக் கண்ட வழி அது. பல இடங்களில் குசினி நிலவறையில் இருக்கும். யன்னல் இல்லை. தட்டுகள் சின்னத் தூக்கியில் மேலே ஏறும். மேலே யார் கையை யார் பிடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தட்டு காலியாகத் திரும்பி வருகிறதா என்பது மட்டும் தெரியும். வேலை முடிந்து கடைசி மெட்ரோவுக்கு ஓட வேண்டும். கிழமை நாட்களில் அது ஒன்றேகால் மணியோடு சரி.

பிஸ்ட்ரோவைப் பாரம்பரியப் பாரிஸ் என்கிறோம், ஆனால் அதை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். நடுப் பிரான்சின் ஒவெர்ஞ் மலைநாட்டு ஏழைகள் 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து தண்ணீர் சுமந்தார்கள், விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு பக்கத்தில் வைன் ஊற்றிக் கொடுத்து, மெல்ல அதையே உணவகமாக்கினார்கள். இன்று எங்கள் முறை. 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) பரிசை வாங்கியவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. அந்தப் பரிசோடு ஒரு வருடம் ஜனாதிபதி இருக்கும் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுக்கும் உரிமையும் வரும். செய்தி வந்த அன்று எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை.

நல்ல பிஸ்ட்ரோவைக் கண்டுபிடிக்க மெனு எழுதிய கரும்பலகையைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு உணவோடு முடிந்தால் உள்ளே போகலாம். நாற்பது இருந்தால், அதில் பாதி பொட்டலத்தைப் பிரித்துச் சூடாக்கியது. பச்சையான பொருட்களை வாங்கி அங்கேயே சமைத்த உணவுக்கு, கூரை போட்ட சட்டிபோல ஒரு சின்னம் 2014 முதல் இருக்கிறது. அதையும் தேடலாம். ஞாயிறும் திங்களும் பல இடங்கள் பூட்டியிருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் மனைவியை நான் வேலை செய்யும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குத்தான் சுவரோர இருக்கை. நான் எதிரே இருந்தேனே தவிர, காது முழுக்கத் தட்டுத் தூக்கியின் சத்தத்தில். எந்த மேசைக்கு எது தாமதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை அவள் கண்டுபிடித்து, காலில் ஓர் உதை விட்டாள். கடைசியில் கீழே நின்ற வவுனியாத் தம்பி ஏப்ரனோடு மேலே ஏறி வந்து, "சாப்பாடு எப்படி அக்கா?" என்று கேட்டான். வாத்து நல்லது, ஆனால் மிளகு காணாது, உருளைக்கிழங்குக்கு ஒரு பச்சை மிளகாய் கீறிப் போட்டிருக்கலாம் என்று முழு அறைக்கும் கேட்கச் சொன்னாள். தம்பி தலையாட்டிவிட்டுக் கீழே போனான். முதலாளிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.