காண்டெஸா கீழ் ஆர்ம் புஷ்: பாலியூரித்தேனை வீட்டிலேயே வார்க்கலாமா?

பழைய_காண்டெஸா: காண்டெஸா கார் தயாரிப்பு 2002லேயே நின்னுபோச்சு. சக்கரத்தைத் தாங்குற கீழ் ஆர்ம் மூட்டுல அதிர்வைத் தாங்க மாட்டுற ரப்பர் வளையம், அதான் புஷ், கடையில கிடைக்கிறது கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. ஒட்டுறதுக்கு வாங்கின கண்ணாடி பசை, அதான் விண்ட்ஷீல்டு பியூ (பாலியூரித்தேன்) டியூப், ரெண்டு மிச்சம் இருக்கு. அதையே அச்சுல ஊத்தினா என்ன?

லேத்துக்காரன்: வேணாம் தம்பி. அது காத்துல இருக்கிற ஈரத்தால இறுகுற சரக்கு. ஓரம் கெட்டியாகும், உள்ள வாரக்கணக்கா பிசுபிசுன்னே இருக்கும். நான் ஒருமுறை அப்படி ஊத்திட்டு பத்து நாள் கழிச்சு அறுத்துப் பாத்தேன், நடுவுல அல்வா!

ரெண்டு பாகம் கலக்குற வார்ப்பு யூரித்தேன் வாங்கு, கடினத்தன்மை ஷோர் ஏ அளவுல 80 போதும். எடை தராசுல அளந்து கல. அச்சு, கப், குச்சி எதுலயும் ஈரம் கூடாது. தண்ணி பட்டா கார்பன் டை ஆக்சைடு கிளம்பி புஷ் பஞ்சாயிடும். மழை நாள்ல தொடவே தொடாதே. அச்சுக்குள்ள மெழுகு தடவ மறந்தா அச்சையும் சேர்த்துத்தான் அறுக்கணும்.

பழைய_காண்டெஸா: புஷ்ஷை நடுவுல போல்ட் போற இரும்புக் குழாய், அதான் ஸ்லீவ், அதோட ஒட்ட வைக்கணுமாண்ணே?

லேத்துக்காரன்: கூடாது. ரப்பர் புஷ் ஒட்டியிருந்தபடியே முறுக்கிக் குடுக்கும், இந்த யூரித்தேன் புஷ் ஸ்லீவ் மேல சுத்தணும். ஸ்லீவ் புஷ்ஷை விட மயிரிழை நீளமா இருக்கட்டும், போல்ட் இறுக்குறது ஸ்லீவைத்தான். சிலிக்கான் கிரீஸ் போடு, இல்லேன்னா ஒவ்வொரு வேகத்தடையிலயும் கதவு கீல் மாதிரி கத்தும்.

மெக்கானிக்_மகள்: யூரித்தேன் கலவையில இருக்கிற ஐசோசயனேட்ங்கிற ரசாயனத்தோட ஆவி ஆஸ்துமா வரவழைக்கும். துணி மாஸ்க் பத்தாது. அடுப்படியில செய்யாதீங்க.