இரட்டைக் குழந்தைகளை வரவேற்க எப்போது தயாராக வேண்டும்?

கேள்வி:
என் மனைவிக்கு இப்போது 24ஆவது வாரம் நடக்கிறது. இரட்டைக் குழந்தைகள் என்றும், இரண்டுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி என்றும் ஸ்கேனில் உறுதியாகிவிட்டது. எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்க வேண்டுமா, எந்த வாரத்துக்குள் ஏற்பாடுகளை முடிக்க வேண்டும் என்பதை அனுபவப்பட்டவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
நாட்காட்டியில் 40ஆவது வாரத்தைக் குறித்து வைத்திருந்தால் முதலில் அதை அழித்துவிடுங்கள். இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுவதால், 32ஆவது வாரத்துக்குள் மருத்துவமனைப் பையைக் கட்டி வைத்துவிடுவது நல்லது. எங்கள் பெண்கள் 35ஆவது வாரத்தில் பிறந்தபோது, வாங்கி வைத்திருந்த சட்டைகளின் கைகள் அவர்களுடைய விரல்நுனிகளையும் தாண்டித் தொங்கின. ஆகவே குறைமாத அளவிலும் சில சட்டைகள் இருக்கட்டும்.

மறுமொழி 2:
உறங்கும் இடமும் காரில் பொருத்தும் இருக்கையும் கட்டாயம் இரண்டு வேண்டும். குளிப்பாட்டும் தொட்டி ஒன்றே போதும். பொருள்களைவிட ஆள்பலத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும் என்றால், உங்கள் வீட்டில் அது 16 முதல் 24 முறை. யார் எப்போது குடித்தார் என்பது மூன்றாம் நாளே குழம்பிவிடும் (நான் ஒருவனுக்கே இருமுறை ஊட்டியிருக்கிறேன்). பிறகுதான் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பெயருக்கு நேரே நேரத்தைக் குறிக்கத் தொடங்கினோம். ஒருவன் பசித்து எழுந்தால் மற்றவனையும் எழுப்பி ஊட்டியதால், இடையில் எங்களுக்கும் சற்று உறக்கம் கிடைத்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டாவது குளியல் தொட்டியை நேற்றுதான் வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.