ரி கலம் பிரிவதைக் காட்டும் படம் தேவை

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். ஒரே ரி கலம் (T cell, நோயெதிர்ப்பு வெண்குருதிக் கலம்) பிரிந்து வரும் இரண்டில் ஒன்று தாக்கும் கலமாகவும் மற்றது அந்தக் கிருமியைப் பிறகும் அடையாளம் காணும் நினைவுக்கலமாகவும் மாறுவது எப்படி என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலைத் தாண்டிய அருமையான கேள்வி.

கிருமியின் துண்டைக் காட்டும் டென்ட்ரிற்றிக் கலத்தோடு (இதுவும் ஒரு நோயெதிர்ப்புக் கலம்) ரி கலம் ஒட்டும்போது, ரி கலத்தின் உட்சட்டகமான அக்ரின் புரத இழைகள் மாறி அடுக்கப்பட்டு, அந்தத் துண்டை உணரும் வாங்கிகள் ஒட்டிய பக்கம் குவிகின்றன. அப்புறம் பிரியும்போது புரதங்கள் சமமாகப் பங்காவதில்லை. ஒட்டிய பக்கத்து மகட்கலம் தாக்கும் வழியிலும், எதிர்ப்பக்கத்தது நினைவு வழியிலும் போகக்கூடும் என்று எலிகளில் செய்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது.

இதைக் காட்டும் நுணுக்குக்காட்டிக் காணொளியோ தமிழ் விளக்கப்படமோ யாரிடமாவது இருக்கிறதா? இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் ஒரு மாலை சூமில் பிள்ளைகளோடு கதைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறு எந்த நேரமும் சரி.