எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு: மலைப் பிள்ளைகளுக்கு வேண்டுமா?

நாடுகாணித் தந்தை
எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்ற ஏற்பாடு யாருக்கு நன்மை செய்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து, தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அரசுகளுக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாடு அந்த ஆண்டே பொதுத்தேர்வை அறிவித்தது. 2020 பிப்ரவரியில் கைவிட்டது. எங்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்று இலக்கக் கழித்தல் வரவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரும்போதுதான் பெற்றோருக்கு அது தெரிகிறது. அப்போது தெரிந்து என்ன பயன்?

பந்தலூர் ஆசிரியை
ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான விலையைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறீர்கள். என் வகுப்பில் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி வீட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது பாடநூல் தமிழ் அல்ல. கணக்கை வாயால் சொன்னால் விடை சொல்லும் சிறுவன், அதே கணக்கு வினாத்தாளில் நான்கு வரியாக வந்தால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை எட்டாம் வகுப்பில் நிறுத்தினால் அடுத்த ஆண்டு வகுப்பில் இருக்க மாட்டான். கொழுந்து பறிக்கும் இடத்திலோ கேரளத்துக் கட்டட வேலையிலோதான் அவனைத் தேட வேண்டும்.

குன்னூர் கணக்கர்
டீச்சர் சொல்வது ஒரு பக்கம். ஏழைப் பிள்ளைக்குத் தேர்வுதான் ஏணி என்பது இன்னொரு பக்கம். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. தேயிலைத் தொழிலாளி வீட்டில் அந்தப் பணம் ஒரு பெண்ணின் படிப்பையே காப்பாற்றிவிடும். சிபாரிசு வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம், மதிப்பெண் போதும். அந்த வழியை யாரும் குறை சொல்லாதீர்கள்.

கோத்தகிரி மாணவி
கணக்கர் சார், அந்தத் தேர்வுக்கு எங்கள் பள்ளியில் முன்வரிசைப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து மாலை வகுப்பு நடத்தினார்கள். மற்றவர்கள் மைதானத்தில் இருந்தோம். ஏறியவர்களை மட்டும் எண்ணினால் ஏணி நன்றாகத்தான் தெரியும். எட்டாம் வகுப்பிலும் பொதுத்தேர்வு வந்தால் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பயந்து இதே பொறுக்கல் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும்.

நாடுகாணித் தந்தை
திருத்தச் சட்டத்தை முழுதாகப் படியுங்கள். தோற்ற பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால்தான் நிறுத்தலாம். பள்ளியைவிட்டு யாரையும் வெளியேற்றவும் முடியாது. இதில் என்ன கொடுமை இருக்கிறது?

பந்தலூர் ஆசிரியை
அந்த இரண்டு மாதம் எது என்று பாருங்கள். ஏப்ரலில் தேர்வு என்றால் பயிற்சி மே மாதத்தில். பள்ளி பூட்டியிருக்கும். மறுதேர்வு ஜூனில், தென்மேற்குப் பருவமழை இறங்கும் நேரம். தேவாலாவில் மழை பிடித்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் ஆட்சியர் விடுமுறை விடும் நாள்கள் ஜூலையில் எத்தனை! சனிக்கிழமை வைத்து ஈடு செய்கிறோம். யானை நடமாடும் பாதையில் வரும் பிள்ளை சனிக்கிழமை வருவதில்லை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. மேட்டுப்பாளையத்தில் மழையால் ஒரு நாளும் இழக்காத பிள்ளையோடு இவளை ஒரே அளவுகோலில் வைத்து, ‘நீ பின்தங்கியவள்’ என்பதை என்னால் ஏற்க முடியாது.

குன்னூர் கணக்கர்
அப்படியானால் அளக்கவே வேண்டாமா? 2025 பிப்ரவரியில் அரசுப் பள்ளிகளின் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவுத் தேர்வு நடந்தது. யாரும் தோற்கவில்லை, யாரும் அழவில்லை. பிறகு ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படைத் திறன் குறைந்தவர்களைக் கண்டறிந்து தனியாகக் கற்பிக்கும் ‘திறன்’ திட்டம் வந்தது. இதையும் எதிர்ப்பீர்களா?

பந்தலூர் ஆசிரியை
எதிர்க்க மாட்டேன். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று சொல்லும் தேர்வு எனக்கு வேண்டும். அது வந்தபின் கற்பிக்க ஆளும் வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் தொடக்கப் பள்ளியில் தனிப் பயிற்சியை யார் கொடுப்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கோத்தகிரி மாணவி
முடிவைப் பெற்றோருக்குச் சொல்கிறார்களா என்பதையும் கேளுங்கள். என் அம்மாவுக்கு முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்தான் காட்டினார்கள்.

நாடுகாணித் தந்தை
அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டையும் கேட்கிறேன். கூடலூர், பந்தலூருக்குக் காலாண்டுத் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி டீச்சர் மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. எட்டாம் வகுப்பில் ஒரு பொதுத்தேர்வு வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. ‘பாஸ்’ என்று எழுதிக் கொடுத்தால் வீட்டில் நம்பிவிடுகிறார்கள், டீச்சர். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் கடன் வாங்கி மேலே படிக்க அனுப்புகிறார்கள்.