பழைய ரெக்கார்டுகளில் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் அடையாளம்) வகையை மாற்றியவர்களின் அனுபவங்கள்

போடிமெட்டு:
ஏலக்காய்க் கடை ஒன்றின் கணக்கு, அமேசானின் டைனமோடிபி டேட்டாபேஸில். லாட் எண்தான் கீ, நம்பர் வகை. வண்டன்மேட்டுச் சரக்குக்கு எழுத்தும் சேர்த்து எண் போட வேண்டும் என்றார்கள், ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்து வகையாக, மாற்றச் சொல்லி வேலை வந்தது. இருக்கிற டேபிளில் கீ வகையைத் தொட விடாது, தெரிந்ததுதானே. புது டேபிள் போட்டு நகலெடுத்தோம், எண்ணிக்கையும் ஒத்துப்போனது. மறுநாள் குமுளிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வேட்டி மடிப்பிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். 0417. திரையில் ‘பதிவு இல்லை’. நம்பர் வகை முன்னால் நிற்கும் பூஜ்யத்தை வைத்துக்கொள்ளாது, 417 என்றுதான் போயிருந்தது. “அப்போ என் சரக்கு எங்கய்யா?” என்றார். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை.

செங்கோட்டை:
எங்களுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். புளியரை வழியாகக் கேரளா போகும் லாரிகளின் ஜிபிஎஸ் பதிவுகள். இன்டீஜர் கீ அதன் உச்சவரம்பான சுமார் 214 கோடியே 74 லட்சத்தை நெருங்கியது, ராத்திரியில் அதைவிடப் பெரிய எண் கொள்ளும் பிக்இன்டுக்கு மாற்ற ஆல்டர் கட்டளை கொடுத்தார்கள். டேபிள் முழுக்கத் திரும்ப எழுதும்வரை படிக்கக்கூட விடாத பூட்டு. மேப்பில் வண்டி எல்லாம் ஆரியங்காவில் அப்படியே நின்றன. “மலையில விபத்தா சார்?” என்று ஒரு டிரைவரின் மனைவி போன் செய்தார்.

கம்பம்:
செங்கோட்டை அண்ணே, நேரடி ஆல்டரை ராத்திரியில் செய்தாலும் தப்புதான். எங்கள் திராட்சை பில் டேபிள் சின்னது, அதுவே மூச்சுத் திணறியது. பிக்இன்ட் வகையில் தனி நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். புது வரிசைகளுக்கு ட்ரிக்கர் (வரிசை எழுதப்படும்போது தானாக ஓடும் சின்ன நிரல்), பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். யூனிக் இண்டெக்ஸை கன்கரன்ட்லி, அதாவது எழுதுவதைத் தடுக்காமல், கட்டுங்கள், கடைசியில் ஒரே டிரான்சாக்‌ஷனில் பழைய, புது நெடுவரிசைகளின் பெயரை மாற்றுங்கள். ஃபாரின் கீ மூலம் இந்தக் கீயைச் சுட்டும் டேபிள்களையும் மறக்கக் கூடாது. அப்புறம் அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ்: போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10 முதல் சீரியல் வகையில் வந்த சீக்வென்ஸும் இன்டீஜர்தான், அதைத் தனியாக மாற்றாவிட்டால் அதே எண்ணில் போய் நிற்கும். போடிமெட்டு அண்ணனும் ட்ரிக்கர் போட்டிருக்கலாம்.

போடிமெட்டு:
தம்பி, டைனமோவில் அந்த ட்ரிக்கர் ஏது? மாற்றங்களை வரிசையாகத் தரும் ஸ்ட்ரீம்தான். அதைத் திறந்து வைத்ததால் நகலெடுக்கும்போது வந்த புதுச் சீட்டுகள் தப்பவில்லை. என் சிக்கல் பழைய சீட்டு. தேடும் இடத்தில் வெறும் இலக்கமாக வந்தால் முன் பூஜ்யத்தை வெட்டச் சொன்ன பிறகுதான் பெரியவரின் 417 கிடைத்தது. அதுவரை அவர் சாக்குமேல் உட்கார்ந்தே இருந்தார், டீ கூட வேண்டாம் என்றுவிட்டார்.